தாபான் மரமும் எம்.ஜி. காரின் விளக்கும்

ஜொகூர் மாநிலத்தின் பொருளியல் வரலாற்றை எடுத்துரைப்போர் கம்பீரையும் மிளகையும் முதலிற் கூறி, பின்னர் ரப்பரையும் அன்னாசியையும் செம்பனையையும் வரிசைப்படுத்துவது வழக்கம். அவ்வரிசையில் மின்கம்பிக்கு இடமளிப்போர் அரியர். மின்கம்பி இங்கிலாந்தின் ஆலைகளில் செய்யப்பட்ட பொருளாயிற்றே, அதற்கும் ஜொகூருக்கும் என்ன உறவு என்று வினவத் தோன்றும். உறவு உண்டு. முக்கால் நூற்றாண்டுக்கு முன் கப்பலேறி வந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் விளக்குகளை மீண்டும் எரியச் செய்ய முனைபவர், அளவுமானிப் பலகையின் பின்னே கைவிட்டுப் பழைய கம்பிக் கட்டை மெல்ல வெளியே இழுப்பார். அப்பொழுது பருத்தி நூலுறை இற்றுப்போய், அதனுள்ளிருந்து கறுத்த பொடி உதிரும். அப்பொடி ரப்பர். அது எந்தத் தோட்டத்துப் பால் என்று இன்று எவராலும் கூறவியலாது. ஆயினும் அது மலாயாவின் பாலாக இருத்தற்கு வாய்ப்பு மிகுதி. தமிழர் கையால் வெட்டப்பட்ட பாலாக இருத்தற்கும் அவ்வாறே.

இக்கதையை ரப்பருக்கும் முன்பிருந்தே தொடங்க வேண்டும். மலாய்க் காடுகளில் தாபான் என்றொரு மரம் உண்டு. அதன் பால் உறைந்தால் கட்டியாகும். வெந்நீரிலிட்டால் இளகி, விரும்பிய வடிவம் கொள்ளும். ஆறினால் மீண்டும் இறுகும். கத்திப் பிடி முதலியன செய்ய இதனை மலாய் மக்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தனர். உலகம் இதனைக் கட்டாபெர்ச்சா என்று அழைத்தது. சிங்கப்பூரில் அரசாங்க மருத்துவராக இருந்த வில்லியம் மான்ட்கோமரி 1843-இல் இதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். 1848-இல் மைக்கேல் பாரடே இதன் மின்காப்புத் திறனைப் பற்றி எழுதினார். செம்புக் கம்பியின் மேல் இப்பாலைப் போர்த்திக் கடலடியில் கிடத்தினால் செய்தி அனுப்பலாம் என்பது தெளிந்தவுடன் இதன் விலை ஏறிற்று. 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலும், 1866-இல் அட்லாண்டிக் பெருங்கடலின் குறுக்கேயும் நிலைபெற்ற தந்திக் கம்பிகள் இப்போர்வை அணிந்தே கிடந்தன.

அந்நாளில் ஜொகூரை ஆண்டுவந்தவர் தெமெங்கோங் டாயிங் இப்ராஹிம். தம் ஆட்சிக்குட்பட்ட காடுகளிலிருந்து வரும் கட்டாபெர்ச்சா வாணிகத்தைத் தம் கைக்குள் வைத்துக்கொண்டு அவர் பெருஞ்செல்வம் ஈட்டினார். புதிய ஜொகூர் எழுந்து நின்றதற்கு அச்செல்வமும் ஓர் அடித்தளம் எனலாம். ஆனால் இம்மரத்திற்கு நேர்ந்த கதி கொடிது. ரப்பர் மரத்தைப்போல் நாள்தோறும் சீவிப் பாலெடுக்கும் முறை இதற்கு இல்லை. மரத்தை வீழ்த்தி, பட்டையை வளையம் வளையமாக வெட்டிப் பாலை வடித்தனர். சில பத்தாண்டுகளில் காட்டில் பெரிய தாபான் மரங்கள் அருகிப்போயின.

கட்டாபெர்ச்சா மோட்டார் காருக்கு ஏறவில்லை. குளிர்ந்த கடலடிக்கு ஏற்ற அப்பால், கொதிக்கும் எஞ்சினருகே உருகி வழிந்துவிடும். அவ்விடத்தைப் பிடித்தது கந்தகம் சேர்த்து வேகவைத்த ரப்பர். தரைமேல் ஓடும் மின்கம்பிகளுக்கு நெடுநாள் அதுவே காப்புறையாயிற்று. இங்கு ஒரு நுட்பம் கூறத்தக்கது. ரப்பரில் உள்ள கந்தகம் செம்பை அரிக்கும் இயல்புடையது. ஆதலால் செம்பு இழைகளுக்கு வெள்ளீயம் பூசி, அதன்மேல் ரப்பரை ஏற்றினர். பழைய கம்பியின் நுனியைச் சீவும்போது செந்நிறத்துக்கு மாறாக வெண்ணிறம் தோன்றினால், கம்பியை அலுமினியம் என்று மயங்க வேண்டா.

ஜொகூரில் 1909-இல் இரயில் பாதை நிறைவுற்றபின் தோட்டங்கள் பெருகின. சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் என இருப்புப் பாதையை ஒட்டிய ஊர்கள்தோறும் கங்காணிமார் அழைத்துவந்த தமிழர் குடியேறினர். அவர்கள் விடியுமுன் எழுந்து வெட்டிய பால், தாள்களாகப் புகையூட்டப்பட்டு மேலைநாட்டுக்குச் சென்றது. அங்கே டயராகவும் கம்பியுறையாகவும் மாறி, துரைமார் ஓட்டும் காரில் ஏறி மீண்டும் இங்கு வந்தது. வெட்டியவர் மண்ணெண்ணெய் விளக்கொளியில் லயத்தில் உண்ண, அவர் வெட்டிய பால் துரையின் காருக்கு மின்னொளி தந்தது. இம்முரணைப் பெரிதுபடுத்தி ஒப்பாரி வைப்பதற்கில்லை. எனினும் கம்பியின் வரலாற்றைக் கூறுபவர் அதனை விட்டுவிட்டுக் கூறவும் இயலாது.

ஜொகூரின் கார் மோகம் அரண்மனையிலிருந்தே தொடங்கியது. 1895 முதல் 1959 வரை அரியணையில் இருந்த சுல்தான் இப்ராஹிம் மோட்டார் கார்களில் பெருவிருப்பம் கொண்டவர். தொடக்க காலக் கார்களில் மின்விளக்கு இல்லை. கால்சியம் கார்பைடு கட்டியின்மேல் நீர் சொட்டி, அதனால் எழும் வாயுவைக் கொளுத்தினர். அது காற்றுக்கு ஆடும், மழைக்குத் துவளும். அமெரிக்காவில் கேடிலாக் நிறுவனம் 1912-ஆம் ஆண்டுக் கார்களில் மின் ஸ்டார்ட்டரும் மின்விளக்கும் பொருத்தியபின் கார்பைடு விளக்கு சிறிது சிறிதாக மறைந்தது. 1924-இல் ஜொகூர்ப் பாலம் முறைப்படி திறக்கப்பட்டதும் சிங்கப்பூர்க் கார்கள் தோணிக்குக் காத்திராமல் வடக்கே வரத் தொடங்கின. இருபுறமும் ரப்பர் மரங்கள் கவிந்த சாலையில் நிலவொளியும் புகாது. அத்தகைய இரவுகளில் காரோட்டியின் உயிர் விளக்கை நம்பியே இருந்தது.

பந்தயமும் வந்தது. 1940-இல் ஜொகூர் பாருவின் நகரச் சாலைகளையே களமாக்கி ஜொகூர் கிராண்ட் பிரி நடத்தப்பட்டது. அடுத்த ஈராண்டுக்குள் போர் மூண்டு, 1942 சனவரி 31-இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படையே பாலத்தை உடைத்தது. போர் ஓய்ந்தபின் பந்தயங்கள் மீண்டன. அக்காலத்தில் சிறு முதலுடைய பந்தய ஆர்வலர்க்கு எட்டிய கார் எம்.ஜி. எம்.ஜி. டி.சி. 1945 முதல் 1949 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் பத்தாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட எண்ணிக்கையில் செய்யப்பட்டது. 1955-இல் வந்த எம்.ஜி.ஏ. ஏழு ஆண்டுகளில் ஒரு இலட்சத்தைத் தாண்டியது. செல்வந்தர்கள் ஜாகுவாரையும் ஆஸ்டன் மார்ட்டினையும் நாடினர். சிங்கப்பூரைச் சேர்ந்த சான் லை சூன் 1958-இல் மக்காவ் கிராண்ட் பிரியை வென்றது ஆஸ்டன் மார்ட்டின் டி.பி. 3 எஸ். காரில். 1961-இல் சிங்கப்பூர் தாம்சன் சாலையில் நடந்த முதற் பந்தயத்தை இயன் பார்ன்வெல் வென்றதும் அதே வகைக் காரில்தான். 1973-உடன் தாம்சன் சாலைப் பந்தயம் நின்றது. ஜொகூரில் பாசிர் கூடாங் ஓடுகளம் 1986-இல் திறக்கப்பட்டு, 1998-இல் உலக மோட்டார் சைக்கிள் பந்தயமும் அங்கு நடந்தது. ஆயினும் சாலைக் காரையே களத்திலும் ஓட்டிய காலம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

அக்காலக் கார் ஈரியல்புடையது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். பந்தயத்தின்போது கண்ணாடி உடைந்து பாதையிற் சிதறாதிருக்க முகப்பு விளக்கின்மேல் பிசின் நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுவர். பந்தயம் முடிந்ததும் நாடாவைக் கிழித்தெறிந்து, அதே விளக்கின் துணையால் வீடு திரும்புவர். ஆகவே விளக்கு அணியன்று, கருவி. இன்று காட்சிக்காகச் செப்பனிடுவோர் பலர் இதனை மறந்து, விளிம்பின் வெள்ளிப் பளபளப்பில் காட்டும் கவனத்தைக் கம்பியின் முனையிற் காட்டுவதில்லை.

இக்கார்களில் பெரும்பாலானவற்றின் மின்பொருள்கள் பர்மிங்ஹாம் லூக்காஸ் நிறுவனத்தைச் சேர்ந்தவை. ஜோசப் லூக்காஸ் என்பார் மண்ணெண்ணெய் விற்றுத் தொடங்கி, 1879-இல் ‘சாலையின் அரசன்’ என்ற பெயரில் சைக்கிள் விளக்குச் செய்து புகழ்பெற்றவர். பின்னாளில் காரோட்டிகள் அந்நிறுவனத்திற்கு ‘இருளின் இளவரசன்’ என்று கேலிப்பெயர் இட்டனர். இப்பழி முற்றிலும் நேர்மையானதன்று. பழுதைத் தேடிச் சென்றால், பத்தில் பெரும்பாலான வேளை குற்றம் விளக்கில் இருப்பதில்லை. துருப்பிடித்த இணைப்பிலோ, பின்னாளில் எவரோ வெட்டி ஒட்டிய கம்பியிலோதான் இருக்கும்.

லூக்காஸ் கம்பிகளில் போற்றத்தக்கது அவற்றின் வண்ண ஒழுங்கு. 1950களின் கார்களில் மின்கலத்திலிருந்து நேராக வருவது பழுப்பு, எஞ்சின் சாவி திறந்தபின் மின்னோட்டம் பெறுவது வெள்ளை, அதுவே பியூஸைக் கடந்தபின் பச்சை, சாவி இன்றியும் பியூஸ் வழியாக எப்பொழுதும் உயிருடன் இருப்பது ஊதா, பக்க விளக்குக்கும் பின்விளக்குக்கும் சிவப்பு, முகப்பு விளக்குக்கு நீலம், எர்த் கறுப்பு. நீலத்தில் வெள்ளை இழையோடினால் நெடுந்தூர ஒளி, சிவப்பிழையோடினால் தாழ்ந்த ஒளி. எழுத்தறியாத பணியாளரும் இவ்வண்ணங்களை மனத்திற்கொண்டு காரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வழிதவறாமற் செல்லலாம். ஆனால் பருத்தி நூலின் சாயம் எண்ணெயும் அழுக்கும் ஏறி மங்கியபின், பச்சையும் நீலமும் பழுப்பும் ஒரே நிறமாகிவிடும். அப்பொழுது வல்லவர் என்ன செய்வார்? உலோகக் கவ்வியின் அடியிலோ ரப்பர் வளையத்தின் உள்ளேயோ வெயிலும் எண்ணெயும் படாது மறைந்த சிறு பகுதியைத் தேடி, அங்கு எஞ்சிய வண்ணத்தைப் பார்ப்பார்.

நம் நாட்டுத் தட்பவெப்பம் இக்கம்பிகளுக்குப் பகை. பருத்தி ஈரத்தை உறிஞ்சும். எஞ்சின் வெப்பம் ரப்பரை இறுக்கும். இறுகிய ரப்பர் அசையாதவரை அமைதியாக இருக்கும். வளைத்தால் ஓடுபோல் உடையும். எனவே, நெடுநாள் நின்ற காரின் விளக்கு முதல் நாள் எரிந்தது என்று மகிழ்ந்து ஓட்டிச் செல்வதைவிட ஆபத்தான செயல் வேறில்லை. எம்.ஜி.ஏ. காரில் இருப்பன இரண்டே பியூஸ்கள். அவ்விரண்டும் முகப்பு விளக்கின் வழியைக் காப்பனவல்ல. நீலக் கம்பி உடலுலோகத்தில் உரசினால் தடுப்பார் இல்லை, தீதான் முடிவு.

அடுத்தது எர்த். காரின் இரும்புடலே மின்சாரம் திரும்பும் பாதை. விளக்கின் அடிப்பகுதி துருவேறினாலும், புதுப்பெயின்ட் தடித்தாலும் அப்பாதை அடைபடும். அடைபட்ட மின்சாரம் வாளாவிராது. அடுத்த பல்பின் இழை வழியாகத் திரும்ப முயலும். பிரேக்கை மிதித்தால் பக்கவிளக்கு மினுங்குவதும், திசைவிளக்கைப் போட்டால் பின்விளக்கு சேர்ந்து துடிப்பதும் இதனாலேயே. பேய்க்குறும்பு போன்ற இதனைத் தீர்க்கத் தேவைப்படுவது உப்புத்தாளும் ஒரு துண்டுக் கறுப்புக் கம்பியும் மட்டுமே. அழகாகப் பெயின்ட் அடித்து முடித்த காரில் ஒரு விளக்கும் எரியாமற் போவதற்கும் இதுவே பெருங்காரணம்.

மங்கலான விளக்கைக் கண்டவுடன் வலிமை மிக்க பல்பை மாட்டுவது பலர் கையாளும் வழி. அது தவறான வழி. பல்பின் ஒளி மின்னழுத்தத்தைவிட வேகமாக வீழ்வது. அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒளியில் ஏறத்தாழப் பத்தில் மூன்று பங்கு போய்விடும். ஆதலால் முதலில் விளக்கை எரியவிட்டு, கம்பியின் இரு முனைகளுக்கும் இடையே மீட்டரை வைத்து, வழியில் எவ்வளவு இழக்கப்படுகிறது என்று காண வேண்டும். சுவிட்சிலும் இணைப்புகளிலும் இழந்ததை மீட்டாலே பழைய விளக்கு புதுப்பிறவி எடுக்கும். பிரதிபலிப்புக் கிண்ணத்தையும் நோக்க வேண்டும். அக்காலக் கிண்ணங்கள் பித்தளையின்மேல் வெள்ளி பூசப்பட்டவை. மாசு படிந்ததென்று அழுத்தித் தேய்த்தால் வெள்ளி போய்ப் பித்தளை மஞ்சளிக்கும். மீண்டும் வெள்ளி பூசுவித்தலே தக்கது.

பழைய டைனமோவின் வலிமைக்கும் எல்லை உண்டு. லூக்காஸ் சி-40 டைனமோ தருவது 22 ஆம்பியர். அதுவும் எஞ்சின் வேகமாகச் சுழலும்போது மட்டும். சந்தியில் நிற்கும்போது அது மின்கலத்துக்கு ஒன்றும் ஊட்டாது, கட்-அவுட் திறந்துகொள்ளும், அம்மீட்டர் முள் கழித்தற் பக்கம் சாயும். இக்காலப் போக்குவரத்து நெரிசலில் மழையிரவில் விளக்கும் துடைப்பானும் ஒருங்கே இயங்கினால் மின்கலம் சோர்வது இயல்பே.

பெரும்பொறி ஒன்று இன்னும் உள்ளது. 1930களின் பிற்பகுதி தொடங்கி 1960களின் நடுப்பகுதி வரை பெரும்பாலான பிரிட்டிஷ் கார்களில் மின்கலத்தின் நேர்முனையே உடலுடன் இணைக்கப்பட்டது. முனைகள் அரிபடுவது இதனாற் குறையும் என அன்று கருதினர். எம்.ஜி.பி. காரில் 1967-இல்தான் இது எதிர்முனைக்கு மாறிற்று. இதனையறியாத இக்கால மெக்கானிக், கறுப்பு முனை உடலுக்கு என்ற வழக்கப்படி மின்கலத்தை மாட்டினால், டைனமோவும் அம்மீட்டரும் முரண்டு பிடிக்கும். மாற்றித்தான் ஆகவேண்டுமெனில் டைனமோவின் காந்தப் புலத்துக்கு மின்கலத்திலிருந்து ஒரு கணம் மின்னோட்டம் தந்து புதிய முனைமையைப் பழக்க வேண்டும்.

புதிய கம்பிக் கட்டைப் பின்னுவோர் பழையதை வெட்டி எறியாமல் முழுதாகக் கழற்றுவர். ஒவ்வொரு முனையிலும் சீட்டுக் கட்டி, மரப்பலகையில் விரித்து, வளைவுதோறும் ஆணி அடித்து, அதே அளவில் புதிய கம்பிகளை ஓட்டுவர். பழைய கட்டை விரிக்கும் அந்நேரத்தில்தான் காரின் உண்மை வரலாறு வெளிப்படும். ஓரிடத்தில் ஆலைக் கம்பி முடிந்து, வீட்டு மின்சாரத்துக்குரிய சிவப்புக் கம்பி முறுக்கி ஒட்டப்பட்டிருக்கும். வேறோரிடத்தில் தகரத் துண்டை மடித்து இணைப்பாக்கியிருப்பர். பிறிதோரிடத்தில் சைக்கிள் டியூபின் ரப்பர் காப்புறையாகச் சுற்றப்பட்டிருக்கும். உதிரிப்பொருள் கப்பலில் வரத் திங்கள்கள் ஆன காலத்தில், தோட்டத் தொழிற்சாலையிலும் சாலையோரப் பட்டறையிலும் இருந்த வயர்மேன்கள் செய்த வேலை அது. அவருள் தமிழர் பலர் இருந்தனர்; சீனரும் மலாய்க்காரரும் இருந்தனர். பந்தய வெற்றியாளர் பெயர் ஏட்டில் உண்டு. அவர் காருக்கு முந்தைய இரவு விளக்கு எரியச் செய்தவர் பெயர் எங்கும் இல்லை. அந்த முறுக்கும் முடிச்சுமே அவர்கள் இட்ட கையொப்பம்.

இவற்றை என் செய்வது என்பதில்தான் கருத்து வேறுபாடு எழுகிறது. ஒரு சாரார், கார் ஆலையைவிட்டு வந்த நாளில் எவ்வாறிருந்ததோ அவ்வாறே ஆக்க வேண்டும் என்பர். மற்றொரு சாரார், பழமை பேசி உயிரைப் பணயம் வைக்கலாகாது. எல்லாவற்றையும் இக்காலப் பொருளாக்கிவிடுக என்பர். பழங்கார்ச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபீவா, கட்டடப் பாதுகாப்புக்கான 1964-ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தைப் பின்பற்றி, 2013-இல் தூரின் சாசனத்தை நடைமுறைக்குக் கொணர்ந்தது. பழம்பொருளை இயன்றவரை காத்தல், மாற்றத்தை மீண்டும் நீக்கக்கூடிய வகையிற் செய்தல், செய்ததைப் பதிவு செய்தல், காரின் வாழ்நாளில் நேர்ந்த மாறுதல்களையும் வரலாறாக மதித்தல் என்பன அதன் சாரம்.

உளுத்த கம்பியைக் காரில் விட்டுவைத்தல் ஆகாது. அதில் இரு கருத்துக்கு இடமில்லை. ரிலேக்களை அளவுமானிப் பலகையின் பின்னே மறைத்து வைத்து விளக்கின் சுமையைப் பழைய சுவிட்சினின்று நீக்குவதும், முகப்பு விளக்கு வழியில் பியூஸ் சேர்ப்பதும் குற்றமன்று. பின்னாளில் ஒரு மணி நேரத்தில் கழற்றிவிடலாம். ஆனால் கழற்றிய பழைய கட்டைக் குப்பையில் எறிவது குற்றம். அதனைப் படமெடுத்து, சீட்டுகளுடன் ஒரு பெட்டியிலிட்டு, காருடனேயே வைத்தல் வேண்டும். கார் கைமாறும்போது பதிவுச் சீட்டோடு அப்பெட்டியும் கைமாறட்டும். ஜொகூரில் ஓடிய காருக்கும் ஆபிங்டனை விட்டு அகலாத காருக்கும் உள்ள வேறுபாடு விளிம்பின் பளபளப்பில் இல்லை, அப்பெட்டியில்தான் இருக்கிறது.

லூக்காஸின் கலை தமிழ்நாட்டிலும் வேரூன்றியது. 1961-இல் டி.வி.எஸ். குழுமமும் லூக்காஸும் கூடி லூக்காஸ்-டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கி, சென்னையை அடுத்த பாடியில் ஆலை அமைத்தன. பர்மிங்ஹாம் தாய் நிறுவனமோ 1996-இல் அமெரிக்க வாரிட்டியுடன் இணைந்து, 1999-இல் டி.ஆர்.டபிள்யூ. நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. ஆபிங்டன் எம்.ஜி. ஆலை 1980-இலேயே மூடப்பட்டது. பழங்கார்களுக்கான கம்பிக் கட்டுகளை மட்டும் இங்கிலாந்தில் இன்றும் சிலர் பழைய வண்ணங்களில், பழைய அளவுகளில் பின்னி விற்கின்றனர். வெளியே அதே பருத்தி நூலுறை. அதே நீலத்தில் அதே வெள்ளையிழை. உள்ளே காப்புறையாக இருப்பது பி.வி.சி. பிளாஸ்டிக், ரப்பர் இல்லை.